கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடப்பக்க ஜன்னல்: ஒரு திணை ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

கார் ஓட்டத் தெரியாத ஒருவர் கடலோரச் சாலைப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டு, போய், கடலையும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். முடியும் என்பது கருதுகோள். கருதுகோளை முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, இருநூறு பக்கம் தள்ளி அதையே ஆய்வு முடிவாகக் கண்டடைவது நம் ஆய்வுலக மரபு. இங்கே பக்கங்கள் குறைவு என்பதால் மரபு சற்றுப் பிசகக்கூடும்.

ஆய்வாளரின் தகுதி பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுநர் உரிமம் பெறும் தகுதி அவருக்குப் பதினெட்டு வயதிலேயே வந்துவிட்டது, உரிமம்தான் வரவில்லை. எட்டுப் போடச் சொன்ன மைதானத்தில், ஆறு போட்டு முடித்த நிலையில் காலை ஊன்றிவிட்டார். அதன்பின் முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பயணியாகவே வாழ்ந்து வருகிறார். இத்துறையில் இதைவிட நீண்ட களப்பணி வேறு யாருக்கும் இருக்க வாய்ப்பில்லை.

கார் வைத்திருக்கும் நண்பர்கள், "ஈசிஆர்ல ஒரு லாங் டிரைவ் போயிட்டு வரலாம்டா" என்று அழைப்பதுண்டு. மூன்று முறை போய்ப் பார்த்தாயிற்று. ஓட்டுகிறவர் முன்னால் போகும் வண்டியைப் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர் வழி சொல்லும் போனைப் பார்க்கிறார். பின்னால் இருப்பவர்கள் ஏ.சி. போகும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, நேற்று எடுத்த படங்களைப் பார்க்கிறார்கள். ஆகவே கார்க்காரர்களை இந்த ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ளலாம்: கடல் எதுவும் செலுத்தப்படாத குழு.

எல்லையும் மூலங்களும்

சென்னை திருவான்மியூரில் தொடங்கிப் புதுச்சேரி வரையிலான சுமார் 150 கி.மீ. சாலையே ஆய்வுப் பரப்பு. 2002 முதல் சுங்கம் வாங்கும் சாலை என்பதால், காட்சிக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம் என்ற எண்ணம் இங்கே மக்களுக்கு உண்டு. இதே சாலை கடலூர், நாகப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று தெற்கேயும் நீள்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் பக்கத்தில் கடல் இருக்கிறது என்பதற்குப் பல இடங்களில் கருவாட்டு வாசனை மட்டுமே சான்று. வாசனையைத் தரவாகக் கொள்ள வழிகாட்டி இசையமாட்டார் என்பதால் அது தவிர்க்கப்பட்டது.

முதன்மை மூலம், பேருந்து. துணைமை மூலம், நடத்துநர். மேற்கோள் காட்ட இயலாத மூலம், பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டே வந்த பெரியவர்.

முன்னாய்வுகள்

வண்டியில்லாதவனுக்கு வழி சொல்வதில் தமிழரைப் போல் அக்கறை காட்டிய இனம் இருந்திருக்குமா என்பது ஐயமே. அதற்கென்று ஒரு இலக்கிய வகையையே வைத்திருந்தோம். ஆற்றுப்படை என்பது வேறென்ன? பரிசு வாங்கித் திரும்புகிற ஒருவன், எதிரே வெறுங்கையோடு வருகிறவனிடம் "நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன், இப்படிப் போ, இன்ன ஊரில் இன்னது கிடைக்கும், இன்னாரைப் பார்" என்று சொல்வது.

அந்த வகையில் 269 அடி கொண்ட சிறுபாணாற்றுப்படை நம் ஆய்வுக்கு நேரடி மூதாதை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் இதே சாலையில்தான் இருக்கிறது. கடப்பாக்கத்தில் இறங்கினால் அதன் நடுவில் நிற்பீர்கள். பாடலில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்திக் காட்டுகிறார்கள் அறிஞர்கள். அங்கே சுட்ட குழல்மீனும் தேறலும், வேலூரில் ஆமான் இறைச்சி, ஆமூரில் நண்டு என்று நிறுத்தம்தோறும் சாப்பாட்டுப் பட்டியலும் சொல்லியாகிறது. நெடுஞ்சாலை மோட்டலில் வண்டியை நிறுத்தி "பத்து நிமிசம்தான்" என்று கத்துகிற வழக்கம் அப்போது இல்லை. உப்பு வணிகரான உமணர் வண்டி வரிசையோடு போகிற காட்சியும், அவர்கள் கூடவே வரும் மந்தி பிள்ளைகளோடு விளையாடுவதும் அதில் உண்டு. வண்டி உமணருடையது; பாணன் நடந்து போகிறான்; நன்றாகப் பார்த்தவன் பாணன். இந்தத் தரவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

பெரும்பாணாற்றுப்படை 500 அடி. நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தையும் அங்குள்ள கலங்கரை விளக்கத்தையும் சொல்கிறது. நீர்ப்பெயற்றை மாமல்லபுரம் என்பாரும் உண்டு. பின்னால் வந்தவர்களில் பாரதிதாசன் முக்கியமானவர். நண்பர்களோடு பக்கிங்காம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போன பயணத்தை 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாக்கினார். அந்தக் கால்வாய் நம் சாலைக்கு மேற்கே, வலப்பக்கத்தில், இன்றும் கிடக்கிறது. அதில் படகில்லை, சில இடங்களில் தண்ணீர் என்று சொல்லத்தக்க பொருளும் இல்லை.

சிலப்பதிகாரம் நம் எல்லைக்கு வெளியே. கோவலனும் கண்ணகியும் கடற்கரை ஊரான புகாரிலிருந்து காவிரிக் கரையோடு மேற்கே நடந்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் போன பயணம் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ரயில் வழியைப் பற்றி யாரேனும் கேட்பார்கள். சென்னையில் 'கடற்கரை' என்றே பெயர் கொண்ட ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதன் நடைமேடையில் நின்று கடலைத் தேடிப் பாருங்கள். இடையில் துறைமுகம் நிற்கிறது.

முதற்பொருள்: நிலம்

இனி ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். கிழக்குக் கடற்கரைச் சாலை கடல் சார்ந்தது. ஆனால் கடலைக் காட்டுவதில்லை. ஆகவே பேருந்துக்குள் நெய்தல் நிலம் எது என்பதைத் தனியே வரையறுக்க வேண்டியிருக்கிறது.

தெற்கு நோக்கிப் போகையில் கடல் இடப்பக்கம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பாதியில் போவதால், பேருந்தும் கடலுக்கு நெருக்கமான பாதியிலேயே ஓடுகிறது. வடக்கு நோக்கித் திரும்பும்போது கடல் வலப்பக்கம் போய்விடும். இடையில் எதிர்வரும் லாரிகள், டெம்போக்கள், மாருதிகள், சாகசம் செய்யும் இளைஞர்கள் அனைவரும் வந்து நிற்பார்கள். எனவே, தெற்கே போகும் பேருந்தின் இடப்பக்க ஜன்னலோரமே நெய்தல். நடு இருக்கை முல்லை, அதாவது காத்திருத்தல். கடைசி வரிசை பாலை. சக்கரத்துக்கு மேலே முழங்கால் தாடையில் இடிக்கிற இருக்கை குறிஞ்சி. இந்த வகைப்பாட்டில் மருதம் எங்கே என்று கேட்கிறவர், ஓட்டுநருக்குப் பக்கத்து எஞ்சின் மேட்டில் உட்கார்ந்து அவரோடு ஊடிக்கொண்டும் கூடிக்கொண்டும் வருகிறவரைக் கவனித்ததில்லை என்று பொருள்.

இதில் ஒரு சமூகச் சிக்கல் இருக்கிறது. கோவளம், மாமல்லபுரம் வரை போகும் மாநகரப் பேருந்துகளில் இடப்பக்க வரிசை பெண்களுக்கு. எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இது சட்டம். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே தெற்கே போகும் மாநகரப் பேருந்தில் கடல் முழுவதும் மகளிர்க்கு, அதுவும் இலவசம். ஆண்களுக்கு வலப்பக்கம்: பெட்ரோல் பங்க், பிரியாணிக் கடை, மனை விற்பனைப் பலகை. திரும்பி வரும்போது நிலைமை தலைகீழாகி, கடல் ஆண்கள் பக்கம் வருகிறது. ஒரே நாளில் போய்த் திரும்பும் தம்பதிக்கு ஆளுக்குப் பாதிக் கடல் வீதம் பங்காகிவிடுகிறது. இத்தனை நியாயமான சொத்துப் பங்கீட்டை எந்த நீதிமன்றத்திலும் ஆய்வாளர் கண்டதில்லை.

புதுச்சேரி வரை போகும் பேருந்துகளில் இந்தப் பாகுபாடு இல்லை. அங்கே இருப்பது வேறொரு கொடுமை. இடப்பக்க ஜன்னல்கள் பேருந்து புறப்படும் இடத்திலேயே நிரம்பிவிடுகின்றன. கடலுக்குப் பக்கத்தில், திருவான்மியூரில் ஏறுகிறவனுக்குக் கடல் கிடைப்பதில்லை; கடல் வாடையே படாத உள்நகர நிலையத்தில் ஏறியவனுக்குக் கிடைக்கிறது. கடலைப் பார்க்க விரும்புகிறவன் முதலில் கடலை விட்டு எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகிப் போக வேண்டும்.

அங்கே போனாலும் துண்டு இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போதே, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை விட்டு, இருக்கையில் துண்டு போடுவது தமிழர் கண்டுபிடித்த முன்பதிவு முறை. துண்டு இல்லாதவர் கைக்குட்டை போடலாம். அதன் சட்ட வலிமை குறைவு. செய்தித்தாள் செல்லாது. ஒருமுறை ஆய்வாளர் தம் ஆய்வேட்டின் கைப்பிரதியைப் போட்டார். ஏறி வந்து பார்த்தபோது அதன்மேல் ஒருவர் அமர்ந்திருந்தார். "பேப்பர்தானே கெடந்துது சார்" என்றார். அந்த ஏட்டைப் பற்றி அதுவரை வந்த மதிப்புரைகளில் அதுவே நேர்மையானது.

இன்னொரு பிழையையும் பதிவு செய்துவிட வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்துகள் இரண்டு வழியாகப் போகின்றன: ஒன்று கடற்கரைச் சாலை, மற்றொன்று திண்டிவனம். முதல் களப்பணியில் 'புதுச்சேரி' என்ற பெரிய எழுத்தை மட்டும் பார்த்து, அதன் கீழே இருந்த சிறிய எழுத்தைப் பார்க்காமல் ஏறி, இடப்பக்க ஜன்னலையும் பிடித்து, வெற்றிக் களிப்போடு செங்கல்பட்டைக் கடந்தேன். வெகுநேரம் கழித்துப் பக்கத்து இருக்கைக்காரரிடம் "கடல் எப்ப சார் வரும்?" என்று கேட்டேன். அவர் என்னை முழுதாக ஒருமுறை பார்த்துவிட்டு, "எந்தக் கடல்?" என்றார். வண்டி திண்டிவனத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சிறுபாணன் போய்ச் சேர வேண்டிய வள்ளல் நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்பார்கள். பாணன் கடலைப் பார்த்துவிட்டுத் திண்டிவனம் போனான்.

முதற்பொருள்: பொழுது

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. அந்தச் சொல்லுக்குப் பிற்பகல் என்று பொருள் கொள்வாரே பலர். விடியல் என்று கொள்வாரும் உண்டு. இந்த நெடுநாள் வழக்கை அரசுப் பேருந்து ஒன்றின் உதவியோடு இங்கே தீர்த்துவைக்கிறோம்.

காலையில் தெற்கே போகும் வண்டியில் கடலும் வெயிலும் ஒரே பக்கம். இடப்பக்கத்தில் இருப்பவர் முதல் அரைமணி நேரம் கடலுக்காக வெயிலைப் பொறுக்கிறார். நீலாங்கரை வந்ததும் கையை நெற்றியில் வைக்கிறார். அக்கரையில் கைக்குட்டை. உத்தண்டிச் சுங்கச்சாவடியில் வண்டி நிற்கிற நேரத்தில் ஷட்டரை 'சடக்'கென்று இறக்கிவிட்டுத் தூங்கிவிடுகிறார். அதற்கு அடுத்துத்தான் கடல் முகம் காட்டுகிற முட்டுக்காடு. ஒருவேளை ஷட்டர் திறந்திருந்தாலும், எதிர்வெயிலில் கடல் உருக்கிய ஈயம் மாதிரி பளபளக்குமே தவிர நிறம் தெரியாது.

பிற்பகலில் கதை வேறு. சூரியன் மேற்கே போய்விடுவதால் வெயில் வலப்பக்கத்தாருக்கு, இடப்பக்கம் நிழல். ஒளி நம் முதுகுப்பக்கத்திலிருந்து கடல்மேல் விழுவதால் அது உண்மையிலேயே நீலமாக இருக்கும். நிலம் சூடேறிய பிறகு கடலிலிருந்து எழும் காற்றும், சென்னைக்காரர்கள் 'கடக்காத்து' என்று ஏங்குகிற அந்தக் காற்றும், இடப்பக்க ஜன்னல் வழியாகத்தான் முதலில் வருகிறது. நிழல், நீலம், காற்று மூன்றும் ஒரே இருக்கையில். ஆகவே எற்பாடு பிற்பகலே. எதிர்க்கட்சியினர் மறுக்க விரும்பினால் ஒரு மே மாதக் காலையில் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து கோவளம் வரை வந்துவிட்டுப் பேசட்டும்.

ஏ.சி. பேருந்து இக்கோட்பாட்டுக்குள் வராது. அதில் ஜன்னல் திறக்காது. கண்ணாடியில் கறுப்புத் தாள். மேலே டிவியில் படம் ஓடுவதால் வெளிச்சம் கூடாதென்று திரையையும் இழுத்துவிடுவார்கள். ஆய்வாளர் போன வண்டியில் நாயகனும் நாயகியும் ஒரு கடற்கரையில் ஆடிப் பாடினார்கள். பயணிகள் மிக ஆர்வமாகப் பார்த்தார்கள். வெளியே கடல் போய்க்கொண்டிருந்தது.

கருப்பொருள்

பழைய நெய்தலுக்குப் புன்னை, ஞாழல், தாழை. இன்றைய நெய்தலுக்குச் சவுக்கு. கடல் கடந்து வந்த இந்த மரத்தை 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக இக்கரையில் தோப்பு தோப்பாக வைத்தார்கள். புன்னை நிழல் தரும். சவுக்கு, கடலை மறைக்கும். அதன் இலைச் சத்தம் அலைச் சத்தம் மாதிரியே இருப்பதால், கடல் இல்லாத இடத்திலும் கடல் இருப்பதாக ஏமாற்றவும் செய்யும். சவுக்கு முடிகிற இடத்தில் மதில் தொடங்குகிறது. பனையூர் முதல் கானத்தூர் வரை இடப்பக்க ஜன்னலில் தெரிவது மதில், கேட், காவலாளி, 'நாய்கள் ஜாக்கிரதை'. மக்கள் கடல் தெரியும் வீடு வேண்டுமென்று லட்சம் லட்சமாகக் கொடுத்து வாங்கி, மற்றவர்களுக்குக் கடல் தெரியாதபடி கட்டியிருக்கிறார்கள்.

முட்டுக்காடு பாலம்தான் முதல் காட்சி. வலப்பக்கம் காயலும் படகுத்துறையும், இடப்பக்கம் முகத்துவாரமும் அதற்கப்பால் கடலும். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் பதினைந்துக்குள் பாலம் முடிந்துவிடும். இந்தச் சில நொடிகளுக்காகத்தான் துண்டும், திட்டமும், இந்தக் கட்டுரையும்.

அதன்பின் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை. அது சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. முதலைகளுக்குக் கடல் தெரியுமா என்று விசாரிக்க நேரமில்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், 2013 முதல். தென்சென்னைவாசிகள் கடலைப் பார்க்க இவ்வளவு பாடுபடுவானேன் என்று அங்கே தோன்றியது. வீட்டுக் குழாயைத் திறந்தால் போதும். மாமல்லபுரச் சின்னங்கள் உலக மரபுச் சின்னமானது 1984இல். பக்கத்துக் கல்பாக்கத்தில் முதல் அணுமின் உலை வணிக உற்பத்தி தொடங்கியதும் அதே 1984இல். இரண்டுக்கும் சாலையிலிருந்து கிளை பிரிந்துதான் போக வேண்டும். பாலாற்றுப் பாலம் நீளமானது; அதில் பாலும் இல்லை, ஆறும் பெரும்பாலான மாதங்களில் இல்லை.

மரக்காணம் வந்தால் நிமிர்ந்து உட்காரலாம். உப்பளங்கள். பாத்தி பாத்தியாக வானத்தை நறுக்கிப் போட்டது போலக் கிடக்கும். உமணர் வண்டி போய் லாரி வந்திருக்கிறது. உப்பு அதே உப்பு. ஆனால் இங்கேதான் இடப்பக்கக் கோட்பாட்டுக்கு ஒரு அடி விழுகிறது. கழுவேலி ஏரி சாலைக்கு மேற்கே, வலப்பக்கத்தில் கிடக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகள் வரும் பருவத்தில், மூன்று மணி நேரமாக வெயில் தின்றுகொண்டு வந்த வலப்பக்கத்தார் திடீரென்று "அங்க பாருடி, எம்மாம் கொக்கு!" என்று எழுந்துகொள்வார்கள். இடப்பக்கத்தார், ஆய்வாளர் உட்பட, அவர்கள் முதுகைப் பார்க்கலாம்.

உரிப்பொருள்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இலக்கணம் வகுத்தவர் பேருந்தில் போனதில்லை. ஆனாலும் எவ்வளவு துல்லியம்! ஜன்னல் கிடைக்காதவன் கிடைத்தவனை நினைத்து இரங்குகிறான். கிடைத்தவன் அதை வைத்துக்கொண்டு தூங்குகிறான். நின்றுகொண்டு வருகிறவனின் இரங்கல் எல்லாவற்றிலும் பெரியது. பேருந்து ஜன்னல், உட்கார்ந்திருப்பவனின் கண் உயரத்துக்கு வைக்கப்பட்டது. நிற்கிறவனுக்கு அதன் வழியே கீழ்நோக்கித்தான் பார்க்க முடியும். சாலையோர மண்ணும் மதிலின் அடிப்பாகமும் தெரியும், தொடுவானம் ஒருபோதும் தெரியாது. குனிந்து பார்க்கலாம்தான். அப்படிக் குனிந்தபோது கீழே உட்கார்ந்திருந்தவர், "என்னா சார் வேணும்?" என்றார். கடல் என்று சொல்லத் தோன்றவில்லை.

நடத்துநரிடம் ஒருமுறை கேட்டேன்: "அண்ணே, கடல் நல்லாத் தெரியிற எடம் வந்தா கொஞ்சம் சொல்றீங்களா?"

"மொதல்ல டிக்கெட்டுக்குச் சில்லறை குடுங்க. கடல் எங்கயும் போயிடாது."

துணைமை மூலங்களில் இத்தனை உறுதியான கூற்று வேறெதுவும் கிடைக்கவில்லை.

மறுப்பு

ஆய்வேட்டில் மறுப்புக்கு ஓர் இடம் ஒதுக்குவது நாகரிகம். நான் ஒதுக்கவில்லை, அதுவாகவே கோவளத்துக்கு முந்திய ஒரு நிறுத்தத்தில் காலி மீன் கூடையோடு ஏறியது. கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்த அந்த அம்மா, நான் கம்பியைப் பிடித்துக் குனிந்து குனிந்து நிமிர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா நைனா, முதுவு வலியா?"

"இல்லம்மா, கடல் தெரியுதான்னு பாக்குறேன்."

"கடலப் பாக்கவா பஸ்ஸுல போற?"

ஆமாம் என்றேன். திணை, பொழுது, எற்பாடு எல்லாவற்றையும் சுருக்கமாக விளக்கவும் முற்பட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கோளத்துல எறங்கி அந்தாண்ட நடந்தீன்னா அஞ்சு நிமிசம். எவ்ளோ வேணா பாரு. யாரு வாணான்றது?" என்றார்.

இறங்கினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, எட்டு ஆயிற்று. தரவு துல்லியமாக இருக்க வேண்டும். கட்டுமரங்கள் இருந்த இடத்தில் பைபர் படகுகள். அவற்றின் நிழலில் வலை சிக்கெடுக்கும் ஆட்கள். அதற்கப்பால் முழுக் கடல், மதில் இல்லாமல், கம்பி இல்லாமல், எந்தப் பக்க இருக்கை என்ற கேள்வியே இல்லாமல். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சாலைக்கு வந்து அடுத்த பேருந்தில் ஏறி, திருவிடந்தையில் இறங்கினேன். மறுபடி ஏறி, சாளுவன்குப்பத்தில் இறங்கிப் புலிக்குகையைப் பார்த்தேன். ஏறுவதும் இறங்குவதுமாகப் புதுச்சேரி போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. கார்க்காரரால் இப்படி முடியாது. அவர் எங்கே இறங்கினாலும் காரை விட்ட இடத்துக்கே திரும்ப வர வேண்டும். கடற்கரையோடு ஒரு மைல் நடந்துவிட்டு அடுத்த ஊரில் வண்டியேற அவருக்கு வழியில்லை. பாணனுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. இங்கே இடைநில்லாப் பேருந்தில் ஏறுவதே பெரும் பிழை. எல்லா ஊரிலும் நின்று, பள்ளிப் பிள்ளைகளையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு, எல்லோரும் திட்டுகிற கட்டை வண்டிதான் வேண்டும்.

இவ்விடத்தில் என் கோட்பாடு பெரும்பகுதி சரிந்துவிட்டதை வாசகர் கவனித்திருப்பார். பட்டம் பெறும் ஆய்வாக இருந்தால் அந்த அம்மாவை நீக்கிவிட்டிருப்பேன்.

விதிவிலக்கு

பேருந்தை விட்டு இறங்காமலே, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கடல் தெரியும் சாலை தமிழ்நாட்டில் இருக்கவே செய்கிறது. நம் எல்லைக்கு மிகத் தெற்கே. பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது, நீளம் 2.345 கி.மீ. பேருந்து அதன்மேல் ஏறியதும் இடப்பக்கத்தார் வலப்பக்கமும் வலப்பக்கத்தார் இடப்பக்கமும் எட்டிப் பார்க்கிறார்கள். கையில் கடலை வைத்துக்கொண்டு அடுத்தவர் கடலைப் பார்ப்பது மனித இயல்பு போலும்.

அதையும் தாண்டி, இராமேசுவரத்தில் வண்டி மாறினால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அடித்துக்கொண்டு போன பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் நீண்ட காலம் சாலையே கிடையாது. மணலிலும் தண்ணீரிலும் தத்தளித்துப் போகும் வேன்களில் போவார்கள், அல்லது நடப்பார்கள். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கி.மீ. சாலை திறக்கப்பட்டது. அதில் அரசுப் பேருந்து போகிறது. இடிந்த தேவாலயச் சுவர் கடந்து போகும்போது வண்டிக்குள் பேச்சு தானாகவே நின்றுவிடுகிறது.

போகப் போக நிலம் ஒடுங்கி, சாலையும் அதன் இருபுறமும் கொஞ்சம் மணலும் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை. சவுக்கு இல்லை, மதில் இல்லை, மனை விற்பனைப் பலகை இல்லை. இடப்பக்கம் பாக் விரிகுடா, குளம் மாதிரி கிடக்கும். ஊர்க்காரர்கள் அதைப் பெண் கடல் என்கிறார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, கரையில் வந்து அறையும். அது ஆண் கடல். ஜன்னல் சண்டை இங்கேனும் ஒழியும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு முன்னிருக்கையில் இருந்த ஒருவர், "இந்தப் பக்கம் அலையே இல்லியே, அந்தப் பக்கம் உக்காந்திருக்கலாம்" என்று மனைவியிடம் குறைபட்டார். வலப்பக்கத்தில் ஒரு பெண்மணி தண்ணீர்த் திவலை தெறிப்பதாகச் சொல்லி ஷட்டரை இறக்கினார்.

அரிச்சல்முனையில் சாலை ஒரு வட்டமாகச் சுற்றி முடிகிறது. நடுவில் அசோகத் தூண். எல்லோரும் இறங்கிப் போய் இரண்டு கடலும் சேருமிடத்தில் காலை நனைத்தார்கள். நானும் நனைத்தேன். திரும்பும் வண்டிக்கு நல்ல கூட்டம். வெகுநேரம் தண்ணீரில் நின்றுவிட்டதால் கடைசியில் ஏறினேன். துண்டையும் இராமேசுவரத்து அறையிலேயே விட்டிருந்தேன். நின்றுகொண்டே வந்ததால், இருபுறமும் கடலிருந்த அந்த ஒன்பதரை கி.மீ. முழுவதும் எனக்கு இரண்டு பக்கமும் மணல்தான் தெரிந்தது.